ஆறு தகரம்

சனிக்கிழமை இரவு பதினொன்றே முக்கால்.
கூரையில் இன்னும் ஆறு தகரம் பாக்கி.
ஏணியடியில் டார்ச்சைப் பிடித்திருந்த லெசியெலி
வெளிச்சத்தை என் கையிலிருந்து எடுத்து
கடிகாரத்தின் மேல் வைத்தாள்.
டோங்காவில் ஞாயிற்றுக்கிழமை
விமானம்கூட இறங்குவதில்லை.
சுத்தியலா இறங்கும்?

மழை வரும் என்றேன்.
வரட்டும் என்றாள்.
கடலே வந்தாயிற்று, மழைக்கென்ன?
அதை அவள் சொல்லவில்லை.
ஆனாலும் என் காதில் விழுந்தது.

எங்கள் சின்னத் தீவு
வரைபடத்தில் இன்னும் இருக்கிறது.
அதுதான் சங்கடம்.
எரிமலை வெடித்த மாலை முதலில் சத்தம்,
பிறகு கடல்,
பிறகு நாள் கணக்கில் சாம்பல்.
முப்பத்தொரு வீட்டில் மிஞ்சியது ஒரு வாசற்படி.
பன்றிகள் முன்பே மேடேறியிருந்தன.
அது தெரியாமல் அவற்றைத் தேடிக் கீழே போனான் மோசேசே.
என் தம்பி. கோயில் பாட்டில் எங்கள் கீழ்க்குரல்.

பன்றிகள் எங்களோடு படகில் வந்தன.

பெரிய தீவில் அரசாங்கம் தந்தது
கடல் தெரியாத மனை, எண் பதினான்கு.
லெசியெலி அதற்கு நன்றி சொல்லி ஜெபிக்கிறாள்.
எனக்கு அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை.
கடவுளோடும் ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை.
சம்பந்தியோடு முறைத்துக்கொண்டவன்
கல்யாணப் பந்தியில் மட்டும் உட்காருவது மாதிரி
வாரம் தவறாமல் கோயிலுக்குப் போய்வருகிறேன்.

விடிகாலை நாலு மணிக்குப் பெய்தது,
கச்சிதமாக ஆறு தகரத்தின் அளவுக்கு.
அண்டா, வாளி, பெயின்ட் டப்பா,
நிவாரணத்தில் வந்த குழந்தைக் குளியல் தொட்டி
(எங்களுக்குக் குழந்தை இல்லை)
எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள்.
இது வேலை இல்லையா என்றேன்.
தண்ணீர் பிடிப்பது என்றாள்.
எந்த அதிகாரம், எந்த வசனம் என்று நான் கேட்கவில்லை.

இடுப்பில் பாய் கட்டாமல் கோயிலுக்குப் போவது
எங்களிடம் அம்மணமாகப் போவது.
என் பாய் அப்பா கட்டியது, அவருக்கு முன் அவர் அப்பா.
இப்போது கடல் கட்டிக்கொண்டிருக்கும்.
லெசியெலி நீலத் தார்ப்பாயில் இரண்டு சாண் கிழித்து
ஓரம் மடித்துத் தைத்து
தென்னங்கயிற்றால் என் இடுப்பில் இறுக்கினாள்.
ஏதோ ஒரு நாட்டின் பெயரில்
கடைசி மூன்று எழுத்து என் பின்பக்கம்.
சிரிப்பார்கள் என்றேன்.
அந்தக் காலத்தில் கரையொதுங்கிய மாலுமிகள்
கப்பல் பாயை அறுத்துச் சுற்றிக்கொண்டுதானே
தலைவன் முன்னால் நின்றார்கள்,
தார்ப்பாயும் பாய்தான், நட என்றாள்.

கோயிலுக்கும் இன்னும் சுவரில்லை.
மர முரசு அடித்து முடிய, பாட்டு எழுந்தது.
இசைக்கருவி கிடையாது, குரல்கள் மட்டும்.
உயரக் குரல்கள் இருந்தன, நடுக்குரல்கள் இருந்தன.
கீழே ஒன்றுமில்லை.
மூலைக்கால் உருவிய பந்தலாய்
பாட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.
போன வாரமும் சாய்ந்திருக்கும்.
அதற்கு முந்தின வாரமும்.
இரண்டாம் சரணத்தில் என் வாய் திறந்தது.
பக்தி என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம்.
நான் தச்சன்.
சாய்ந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.
அவன் குரல் ஆழம், என் குரல் கரகரப்பு.
இருந்தாலும் நின்றது.

மதியம் மண்ணடுப்பில் வெந்த கிழங்கு தின்றுவிட்டு
திறந்த கூரையின் கீழ் ஈரத் தரையில் படுத்தேன்.
ஆறு தகரம் அகலத்துக்கு வானம்.
சாம்பல் வாரிய நாளிலிருந்து
என் கை சும்மா இருந்ததில்லை.
சும்மா இருந்தால் அவன் வந்துவிடுவான் என்று பயம்.
இன்று சும்மா இருப்பது கட்டளை.

வந்தான்.
நனைந்த சட்டையோடு பக்கத்தில் படுத்தான்.
பன்றிகள் கிடைத்தனவா என்று கேட்டான்.
கிடைத்தன, நன்றாகப் பெருத்துவிட்டன என்றேன்.
அதற்குப் பிறகு இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

இரவு பன்னிரண்டு தாண்டி ஒரு நிமிடம்.
யாரோ என் காலைத் தட்டினார்கள்.
ஏணி சாத்தியிருந்தது.
லெசியெலி வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு
டார்ச்சோடு நின்றாள்.